இங்கிலீஷ் பேசாத வீடு

முப்பத்திரண்டு பேர் வெள்ளை உடுத்திக் காவல் நிற்பார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பாள். யார் அவள்?

நாக்கு என்கிறீர்களா? சரிதான். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில், எண்பத்தொன்றாம் வருஷக் கோடையில் அந்த ஆட்டக்காரிக்கு விலங்கு மாட்டியிருந்தார்கள்.

மாட்டியவர் பேராசிரியர் சக்கரபாணி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். அந்தப் பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் தன் செலவிலேயே மாணவிகளைத் தமிழ் கற்க இங்கே அனுப்பும். அப்படி வந்த ஜூடித்தை ரேணுகாம்பாள் வீட்டில் விட்டுவிட்டு அவர் சொன்னார்:

“இந்த ரெண்டு மாசமும் இவ வாயில தமிழ் மட்டும்தான் வரணும்மா. இங்கிலீஷ்ல பேசினது தெரிஞ்சா பரீட்சை செல்லாது. உதவித்தொகையில படிக்கிற பொண்ணு. அது போச்சுன்னா படிப்பே போச்சு.”

பிறகு ரேணுகாம்பாளின் மகள் வேதாவைப் பார்த்தார். வேதா பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் வருஷம்.

“இதே மாதிரி அடுத்த கோடைக்கு இங்கிருந்து ஒரு மாணவி அங்கே வரலாம். டிக்கெட், சாப்பாடு எல்லாம் எங்க செலவு. உனக்கு மார்க் இருக்கு. எங்கே, உன் ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லு.”

வேதா தரையைப் பார்த்தாள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். பேச வராது.

“பரவால்ல. இவளைக் கூட்டிட்டுப் போக வர்றப்போ மறுபடி கேக்கறேன்.”

தன் பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. சோதனைக்கூடத்தில் ஆளுக்கொரு மைக்ராஸ்கோப். வேதாவின் கல்லூரியில் வகுப்புக்கே ஒன்றுதான். அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். படத்தை வெட்டி, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

“இது இன்னாடி புது சாமி?” என்றாள் ரேணுகாம்பாள்.

ஜூடித் என்ற பெயர் ரேணுகாம்பாளின் வாயில் ஒரே நாளில் ஜோதி ஆகிவிட்டது. தன்னோடு இங்கிலீஷ் பேசச் சொல்லி வேதா அந்த ஜோதியை விடவில்லை. தண்ணீர் கொடுக்கும்போதும் இங்கிலீஷ், துணி உலர்த்தும்போதும் இங்கிலீஷ்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் தமிழ்ப் பெண்,” என்பாள் ஜோதி, சிரிக்காமல்.

வேதாவுக்கு அழுகை வந்தது. “பாத்தியாம்மா? அவளுக்குக் கெடச்சாச்சு, வந்துட்டா. எனக்கு ரெண்டு வார்த்தை குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?”

“வாக்கு குடுத்துட்டு வந்திருக்குதுடி அந்தப் பொண்ணு.”

“வாக்காம். மனசு இல்ல, அதான்.”

அதை ஜோதி கேட்டுவிட்டாள். அதற்குள் அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரிய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் விடியுமுன் வேதாவை எழுப்பினாள். “மலை சுத்தப் போலாம், வா.”

மலை சுற்றப் போகிறவர்களை இந்த ஊரில் யாரும் எதற்கு, ஏன் என்று கேட்பதில்லை. செருப்பில்லாமல் இருவரும் நடந்தார்கள். கடைசி வீடும் பின்னால் போனதும் ஜோதி முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில், “இப்போ பேசு. திரும்பி வீடு வர்ற வரைக்கும் நான் தமிழ்ப் பெண் இல்லை” என்றாள்.

வேதா அப்படியே நின்றுவிட்டாள். “தெரிஞ்சிடுச்சுன்னா உன் படிப்பு?”

“இங்கிலீஷ்ல கேளு,” என்றாள் ஜோதி.

அன்றிலிருந்து தினமும் மலைதான். முதலில் ஒற்றை வார்த்தைகள் வந்தன. அப்புறம் வாக்கியங்கள். ஒருநாள் வழியில் அடி அண்ணாமலைக் கோயிலைத் தாண்டும்போது வேதா இங்கிலீஷில் கேட்டாள்: “அங்கே நிஜமாவே ஆளுக்கொரு மைக்ராஸ்கோப்பா?”

“ஆமாம். பாதிப் பேர் தொடவே மாட்டார்கள்.”



ஆனி மாதம் பிறப்பதற்குள் தன் ஊரைப் பற்றி நிறுத்தாமல் பேசப் பழகிவிட்டாள். ஆரம்பிக்கும்போது ஜோதியைப் போலவே ‘வெல்’ என்று இழுத்தாள். முடிக்கும்போது ஜோதியைப் போலவே குரலைத் தூக்கினாள்.

“வெள்ளைக்காரப் பொண்ணைப் பாத்துதான் உனக்கு பக்தி வரணும்னு இருந்திருக்குது,” என்றாள் ரேணுகாம்பாள்.

சக்கரபாணி திரும்பி வந்தார். ஜோதியிடம், “சாப்பாடெல்லாம் எப்படி?” என்று கேட்டார்.

“காரம்தான் ஜாஸ்தி சார். கம்மியா போடுங்கன்னா அம்மா எங்க கேக்குறாங்க?”

அவர் ரேணுகாம்பாளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “அச்சு அசல் உங்க பேச்சும்மா. ஒரு வரி கேட்டா போதும், யாரு யார்கிட்டேருந்து கத்துக்கிட்டாங்கன்னு சொல்லிடுவேன். அதுதானே எனக்கு வேலை.”

காபி கொண்டுவந்த வேதா பாதி வழியில் நின்றாள்.

“வாம்மா. தேர்வுக்குன்னு மெட்ராஸுக்கெல்லாம் நீ வர வேண்டாம், இங்கேயே கேட்டுடறேன். நல்லா பேசினா சீட்டு உனக்கு,” என்றவர், அன்று கேட்டதையே இப்போது இங்கிலீஷில் கேட்டார். உன் ஊரைப் பற்றிச் சொல்.

பதில் முழுவதும் வேதாவுக்குள் தயாராக இருந்தது. அந்த ‘வெல்’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அவர் முதுகுக்குப் பின்னால் ஜோதி நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும், பேசு என்று தலையசைத்தாள். வேதா பேசாததைப் பார்த்து இன்னொரு தடவையும் அசைத்தாள்.

“எனக்கு இன்னும் பேச வரலீங்க சார்,” என்றாள் வேதா, தமிழில்.