பின்பக்கச் சத்தம்

"இது வேண்டாம் சிவகுமார். அடுத்ததை மாட்டுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு, மூன்று வூஃபர் ஸ்பீக்கர்களைச் சுமந்துகொண்டு விஜயநகருக்கு வந்திருக்கிறேன். மனுஷனுக்கு முதலாவதே பிடிக்கவில்லை.

சுதர்ஷனுக்கு ஸ்பீக்கர் பெட்டியே கூடாதாம். நடுவில் வட்டமாக வெட்டிய வெறும் பலகை. அதையும் பக்கத்து வீட்டுக்கும் இவருக்கும் பொதுவான சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தார்.

"பெட்டி இல்லேன்னா பின்பக்கச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகும் சார்."

"போகட்டும். அதுக்குத்தான் பலகை."

அட, இப்படியும் ஒரு மனுஷனா! பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் கணபதிராமனோடு ஏதோ தகராறு போலிருக்கு என்று மனசுக்குள் திட்டினேன்.

வரும்போதே எதிர்வீட்டு மல்லம்மா வழிமறித்திருந்தாள்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்கிட்ட போவாதப்பா. அந்த கணபதிராமன் தனிக்கட்டை. காலையிலேயே பூட்டிட்டு டூட்டிக்குப் போயிடறார். பூட்டின வீட்டுக்குள்ள யாரோ தட்டறாங்க. தெவ்வ, பேய்!"

நானும் பார்த்தேன். வெளிக்கதவில் பெரிய பூட்டு.

முதலில் மாட்டிய எட்டு இஞ்சில் பேஸ், அந்த அடிச்சத்தமே வரவில்லை. பெட்டிக்கென்று செய்தது, பலகையில் மாட்டினால் முன்சத்தமும் பின்சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடும். அடுத்த பன்னிரண்டு இஞ்ச் லேசாக உறுமியது.

"முன்னாடி வந்து கேளுங்க சார்."

அவர் வரவில்லை. சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். இடது கையை இறுக மூடியிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"போதும். மூணாவது."

அது பதினைந்து இஞ்ச். சின்னக் காந்தம், தளர்ந்த காகிதக் கோன். பெட்டிக்கு ஆகாது என்று கடை மூலையில் போட்டிருந்தது. மாட்டி, மிருதங்க கேசட்டைப் போட்டேன்.

தொம்...! தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுத்தன.

சுதர்ஷன் பாட்டை நிறுத்தினார். வீடே நிசப்தம்.

டக். டக்.

சுவருக்குள்ளிருந்து!

"ஐயோ சார், யாரது?"

சுதர்ஷன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்பாடா!" என்று மூடிய கையைத் திறந்தார். ஒரு சாவி.

"அந்தப் பூட்டோட சாவி. கணபதிராமன் என்கிட்ட கொடுத்துட்டுத்தான் டூட்டிக்குப் போவார். உள்ளே அவர் சம்சாரம் ராஜலக்ஷ்மி அக்கா. தெருவில யாருக்கும் தெரியாது. பக்கவாதம், பேச்சு வராது. காதும் சுத்தமா கேக்காது. கட்டில் அந்தச் சுவரை ஒட்டி. பேஸ் அதிர்ந்தா மட்டும் கைக்குத் தெரியும்."

"சாவிதான் இருக்கே சார், திறந்து பார்த்தாப் போதுமே?"

"நேத்து என் வூஃபர் கிழிஞ்சுபோச்சு. பதில் வரலையேன்னு பதறித் திறந்துட்டேன். அக்கா மேல துணி விலகிக் கிடந்தது, இழுத்துக்க முடியல. என்னைப் பார்த்து ஒரே அழுகை."

சுவரைத் தொட்டபடி சொன்னார்:

"மணிக்கு ஒரு தடவை நான் போடுவேன். அவங்க ரெண்டு தட்டுத் தட்டினா, 'உயிரோட இருக்கேன் தம்பி, கதவைத் திறக்காதே'ன்னு அர்த்தம்."