கோழிக்கு முன்னால் ஒரு மூச்சு

"உங்க வீட்டுல 'ஹ' சத்தத்த முழுங்குறது யாரு?"

பாலர் பள்ளி ஆசிரியை மிஸ் ஈபேங்க்ஸ் இப்படிக் கேட்டதும் ஷெரிகா தலையைக் குனிந்துகொண்டாள். சாண்டா க்ரூஸ் சந்தைக்கே தெரிந்த விஷயம். அவள் வாயில் 'ஹவுஸ்' வராது, 'அவுஸ்'தான் வரும். அந்த 'ஹ' வேண்டாத இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முட்டை விற்கும்போது 'எக்' என்பதை 'ஹெக், ஹெக்' என்று கூவுவாள்.

"நான்தான் மிஸ்."

"அதான் பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சு. தொப்பிக்கு 'ஹேட்'னு சரியா வாசிக்கிறா. கோழிகிட்ட வந்தா மட்டும் 'ஹென்' இல்ல, 'என்'! என்ன பிடிவாதம்? பெற்றோர் நாளன்னிக்கு அந்தக் கோழி வரிய ஒழுங்கா வாசிக்கலேன்னா முதல் வகுப்பு கிடையாது. இன்னொரு வருஷம் குட்டிப் பிள்ளைங்களோடயே உக்காரட்டும்."

"ஐயோ மிஸ்!"

"அதுவரைக்கும் வீட்டுல நீங்க கொஞ்சம் வாயத் திறக்காம இருங்க."

ஷெரிகா அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதும் ஜாடை, திட்டுவதும் ஜாடை.

"தொண்ட வலியாம்மா?" என்றாள் மகள் டியாண்ட்ரா. ஷெரிகா தலையாட்டி வைத்தாள்.

"என்னடி, நாக்கையும் சேத்து சந்தையில வித்துட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு பெட்டல். அதற்கும் தலையாட்டல்தான்.

பெற்றோர் நாள் வந்தது. பாலர் பள்ளி பெஞ்சுகளில் அம்மாக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுத்தோட பேரு வேற, சத்தம் வேற," மிஸ் விளக்கினாள். "ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தம் சொல்லி, சேத்தா வார்த்தை. படத்தப் பாத்துச் சொன்னா அது வாசிப்பு இல்ல, குறி சொல்றது!"

எல்லோரும் சிரித்தார்கள்.

பெட்டலின் மகள் கிம்பர்லி எழுந்தாள். புத்தகத்தைக் கையில் விரித்து, கண்ணை அம்மா மேல் வைத்து, ஒரே மூச்சில் சொன்னாள்: "தி ஹென் இஸ் ரெட்."

கைதட்டல்.

அடுத்து டியாண்ட்ரா. விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தினாள்.

"தி... எ... ன்... என்..."

"சந்தையில அம்மா பேசறது அப்படியே இருக்கு!" பெட்டல் சத்தமாகவே சொன்னாள். ஷெரிகாவுக்குப் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"உள்ளங்கைய வாய்க்கு முன்னால வை," என்றாள் மிஸ். "மூச்சுக் காத்து கையில படணும். எங்க?"

"ஹ! ஹ! ஹ!"

"அப்படித்தான். இப்ப வாசி."

"என்."

"படத்தப் பாருடி! என்ன அது?"

"ஹென், மிஸ்."

"அதச் சொல்லித் தொலையேன்!"

"படம் ஹென், மிஸ். எழுத்து என்."

மிஸ் விடுவிடுவென்று வந்து புத்தகத்தின் மேல் குனிந்தாள். குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. அப்புறம் கொண்டையில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். அம்மாக்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

"இப்ப வாசி, கண்ணு," என்றாள். குரல் குழைந்திருந்தது.

"தி... ஹ... எ... ன்... ஹென்! இஸ் ரெட்!"

பள்ளிக்கூடமே கைதட்டியது.

"பாத்தீங்களா?" மிஸ் நெஞ்சை நிமிர்த்தினாள். "வீட்டுல ஒருத்தர் வாய மூடிக்கிட்டா பிள்ள எப்படித் தேறுதுன்னு! டியாண்ட்ரா முதல் வகுப்புக்குப் போறா!"

ஷெரிகாவின் கண் நிறைந்தது. வாயை மூடியதற்கே இவ்வளவு பலனா? அப்படியென்றால் மகள் படித்து முடிக்கும்வரை பேசவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

எல்லோரும் கேக் வாங்கப் போனார்கள். ஷெரிகா மகளின் புத்தகத்தைப் பையில் வைக்க எடுத்தாள். கட்டைவிரலில் நீல மை ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தாள். வரி முழுக்கக் கறுப்பு அச்சு. கோழியின் முதல் எழுத்து 'எச்' மட்டும் நீலம், இன்னும் ஈரம் காயவில்லை.

பெஞ்சில் கிம்பர்லியின் புத்தகம் கிடந்தது. அதையும் அதே பக்கத்தில் விரித்து, விரலை வைத்து, ஷெரிகா வாய்விட்டே வாசித்தாள்.

"எ... ன். என்."

அப்படித்தான் அச்சாகியிருந்தது.