முப்பத்தொன்றாவது மரம்

வேலை நேரத்தில் பேரீச்சை மரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்த சோலையப்பனைக் கண்டதும், கண்காணிப்பாளர் சேதுபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாயிற்காவலர் யஹ்யா வழக்கம்போல் சலாம் சொல்லித் தன் கையில் வைத்த ஐந்து பேரீச்சம்பழங்களில் ஒன்றை மென்றபடியே சேதுபதி அவனை நெருங்கினார்.

“நின்னுக்கிட்டே தூக்கமா? நல்லா இருக்குய்யா டூட்டி.”

“தூங்கல சார்.”

ராஸ் அல் கைமாவில் ஓர் அரபியின் வில்லா அது. முப்பத்தொரு மரங்கள். பக்கத்துத் தோட்டத்தைக் கூன்வண்டு குடைந்துவிட்டதால், எல்லா மரங்களுக்கும் ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். தண்டில் துளையிட்டு, மருந்தேற்றி, துளையை அடைத்து, சிவப்பு நாடா கட்ட வேண்டும். நாடா கட்டிய மரத்தின் பழத்தை அந்தப் பருவம் முழுவதும் யாரும் உண்ணக் கூடாது.

சேதுபதி நாடாக்களை எண்ணினார். முப்பதுதான் இருந்தன. வாயிலோரத்து மரம், சோலையப்பன் சாய்ந்திருந்த அதே மரம், வெறுமையாக நின்றது. புட்டியில் ஒரு மரத்துக்கான மருந்து மிச்சம்.

அவருடைய சட்டைப் பையில் சோலையப்பனின் விடுப்பு விண்ணப்பம் இருந்தது. அடுத்த மாதம் மகளுக்குக் காதுகுத்து. இவர் கையெழுத்திட்டால்தான் அவனுக்கு விமானம்.

அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா லீவு கலாஸ்.”

சோலையப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அறுவடை முடிந்த மறுநாளே இம்மரத்துக்கும் ஊசி போட்டுவிடுவானாம். அதுவரை, உள்ளே வண்டின் புழு குடையும் ஓசை கேட்கிறதா என்று நாள்தோறும் காலையில் காது வைத்துப் பார்க்கிறானாம். இன்று வரை ஓசை இல்லையாம்.

“இந்த ஒரு மரத்துக்கு மட்டும் என்னய்யா சலுகை? உன் மாமனார் வெச்ச மரமா?”

“யஹ்யா பாய்க்குப் பறிக்க அனுமதி இல்ல சார். இதுல உதிர்றதைத்தான் பொறுக்கிக் கழுவி வெச்சிருப்பார். இதுலயும் நாடா கட்டிட்டா, தினம் வர்ற மனுஷனுக்குக் கொடுக்க ஒண்ணுமில்லையேன்னு குறுகிப்போயிடுவார்.”

“அப்படித் தினம் வந்து வாங்கித் தின்னுற மனுஷன் எவன்?”

சோலையப்பன் சேதுபதியின் இடக்கையில் மிஞ்சியிருந்த நான்கு பழங்களைப் பார்த்தான்.

சேதுபதியும் பார்த்தார்.

பிறகு அவற்றில் இரண்டை அவன் கையில் வைத்துவிட்டு, பேனாவை எடுத்தார்.