மெயினை அணைத்த மதியம்

மெயின் சுவிட்சை அணைத்தாள்.

வீடு சட்டென்று ஊமையானது. தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் சுற்றியது.

அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றார்.

"கிட்ட வாங்க. வெளிச்சம் பத்தல."

அரை அடி வந்தார்.

சுடலைமுத்து பள்ளியில் விளையாட்டு வாத்தியார். மைதானத்தில் விசில் இல்லாமலே பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவர். இந்த வீட்டில் மட்டும் ரகசியம் சொல்வதுபோலப் பேசுவார். சித்திரையில்தான் ரிஜிஸ்டர் ஆபீசில் அவளும் அவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முன் தன் மகளிடம் அவள் கேட்டபோது, 'உங்க இஷ்டம்' என்றாள் பிரகதி. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டும் உள்ளே போய்விடுகிறது.

சண்டை இல்லை. சத்தம் இல்லை. சண்டை போட்டாலாவது தேவலை என்று சில நாள் தோன்றும்.

அம்மா மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். பாலிடெக்னிக்கில் பாடமாக நடத்துவதுதான். ஆனால் சொந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. வயர்கள் மேல் தூசி, ஒரு பல்லி முட்டை. டெஸ்டரை வைத்துச் சரிபார்த்தாள். பிறகு வளையல் மாதிரி இருந்த கருவியை மெயின் வயரைச் சுற்றி மாட்டினாள். அது 'டிக்' என்று பூட்டிக்கொண்டது.

இனி வீட்டில் எது ஓடினாலும், அது இழுக்கும் மின்சாரம் போனில் தெரியும். கோடாக ஏறும், இறங்கும்.

பின்னால் கதவு திறந்தது.

மின்விசிறியும் இல்லை, நெட்டும் இல்லை. பிரகதி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

முடிந்தது என்றாள் அம்மா. மூடியைத் திருகி மெயினைப் போட்டாள். ஹால் மின்விசிறி செருமிக்கொண்டு கிளம்பியது.

பிரகதி உள்ளே போகவில்லை. மின்விசிறிக் காற்று ஹாலில் முதலில் வந்ததாலோ என்னவோ.

போனில் ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றாகப் போட்டுச் சொல்லுங்கள் என்று அம்மா அவரை அனுப்பினாள். அவர் படுக்கையறைக்குப் போனார். ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலங்க."

மறுபடியும் முணுமுணுப்பு.

"கத்திச் சொல்லுங்க. நம்ம வீடுதானே."

பிறகு உள்ளேயிருந்து மைதானக் குரல் வந்தது.

"படுக்கையறை... ஃபேன்... ஆன்!"

ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

பிரகதி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மா போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் நிறுத்திவிடுவாள்.

கோடு குப்பென்று ஏறியது. அவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். ஒரு ஃபேனுக்கு இவ்வளவா என்று அவருக்கு ஒரே வியப்பு.

"அது ஃபேன் இல்ல," என்றாள் பிரகதி. "ஃப்ரிட்ஜ். இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிச்சி. ஃபேன் இதுக்கு முந்தி, இந்தா, இந்தக் குட்டிப் படி."

அவர் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்ப, நான் அணைச்சா இது இறங்கணும்?"

"இறங்கணும்."

போய் அணைத்தார். இறங்கியது. திரும்பி வந்தார். அடுத்ததைக் கேட்க வாய் திறந்து, வேண்டாமென்று மூடிக்கொண்டதை அம்மா பார்த்தாள்.

போனை மகள் கையில் கொடுத்தாள்.

"நான் போய்ப் போடுதேன். நீங்க ரெண்டு பேரும் பாருங்க."

சமையலறைக்கு வந்து வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள். இரைச்சலுக்கு மேலே பேச்சு கேட்டது. மிக்ஸி என்றார் அவர். அது கள்ளாட்டம் என்றாள் பிரகதி.

"சத்தத்தைக் கேட்டுச் சொல்லக் கூடாது. கோட்டைப் பாத்துத்தான் சொல்லணும். காதைப் பொத்திக்கோங்க."

மிக்ஸியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

பெட்டிக்குக் கீழே அந்த ஆகிருதியான மனிதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். பிரகதி போனை அவர் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தாள்.

சத்தமில்லாமல் பின்வாங்கினாள்.

இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். அவர் கீசர் என்றார். பிரகதி சிரித்தாள், பொத்திக்கொள்ளாமல். கீசரைப் போட்டபோது அவர் மறுபடியும் இஸ்திரிப் பெட்டி என்றார். வேண்டுமென்றே சொல்கிறாரா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. உங்களுக்கு ஸ்கூல்ல யார் வேலை கொடுத்தா என்று கேட்டாள் பிரகதி. என் காலத்தில் ஓடத் தெரிந்தால் போதும் என்றார் அவர். எங்கே ஓடினீர்கள் என்றாள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

அம்மா முடி உலர்த்தியைப் போட்டாள். போன் சார்ஜரைப் போட்டாள். கொசுவிரட்டியைக்கூடச் செருகினாள்.

சுவரைச் சுற்றிப் பார்த்தாள். இனிச் செருக எதுவும் இல்லை.

"அம்மா, அடுத்தது?" ஹாலிலிருந்து பிரகதி. "இவங்க ரெண்டு மார்க், நான் அஞ்சு."

"இந்தா, ஒரு நிமிசம்," என்றாள்.

ஸ்டூலைத் தரையில் உரசாமல் தூக்கி, பரணுக்கு நேராகப் போட்டு ஏறினாள். அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் கையை நீட்டித் துழாவினாள், செருகப் பழைய சாமான் எதன் வயராவது தட்டுப்படுகிறதா என்று.