பெட்டி ஏறாத பஸ்

செசிலியின் ஓலைப்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி, தூத்துக்குடி பஸ் நிலையத் தரையில் கோடாக ஓடுகிறது. மேலே கொத்தமல்லிக் கட்டுகளைப் பரப்பி, விற்கப்போகும் மீனை மறைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறாள். பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸின் படியில் நிற்கும் கண்டக்டர் இலையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கிறார். "ஏளா, மல்லிக்கு எதுக்கு ஐஸு? எறக்கு." "விடியக்காலம் பிடிச்ச சீலா மீனு, அண்ணாச்சி. டாப்புலயாவது போடுங்க. இன்னைக்கும் போவலன்னா வாடிக்கை ஆளுவ வேற இடத்துல வாங்கிருவாவ." கண்டக்டர் விசில் ஊதுகிறார். பஸ் கிளப்பிய புழுதி கொத்தமல்லியில் படிகிறது. முந்தைய பஸ்ஸும் இப்படித்தான் போனது. ஈக்கள் வந்துவிட்டன. முந்தானையால் விசிறுகிறாள், பிறகு, தன் நிழலாவது பெட்டிமேல் விழட்டும் என்று தள்ளித் தள்ளி நின்று பார்க்கிறாள். உச்சிவெயிலில் நிழல் அவள் காலடியைவிட்டு நகர மாட்டேன் என்கிறது.