பழசுக்குத் திருப்பினவள்

பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று உதயகலாவுக்குப் பயமாக இருந்தது. இந்த விசயத்தில் ஒரு சொல் முன்பின் ஆனாலும் போச்சு.

சனசமூக நிலையத்தில் கூட்டம். ஊர் இணையத்தளம் பற்றித்தான் பேச்சு. தலைவர் பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, நேரடியாய்க் கேக்கிறன். லண்டனிலையிருந்து என்ரை மகன் சிவகரன் வெள்ளிக்கிழமை தளத்தின்ரை தோற்றத்துக்குப் புதுத் தீம், தானாய் வேலை செய்யப் புதுப் பிளகின் எல்லாம் போட்டுவிட்டவன். மத்தியானத்துக்கிடையிலை எல்லாம் பழையபடி. ஆர் மாத்தினது?"

"நான்தான், அண்ணை."

"கை தவறிப் பட்டிட்டுதோ?"

"இல்லை. தெரிஞ்சுதான் மாத்தினனான்."

கூட்டம் சலசலத்தது. தளத்தில் மரண அறிவித்தல்களை ஏற்றுவது உதயகலாவின் வேலை. வெளிநாடு போனவர்கள் ஊரில் யார் செத்தது என்று அங்கேதான் பார்ப்பார்கள்.

"எட்டாம் வகுப்போடை நிண்டவளிட்டைக் கொம்பியூட்டரைக் குடுத்தால் உப்பிடித்தான்" என்றார் முன்வரிசையில் இருந்த ஆழ்வாப்பிள்ளை. "சயிக்கிளுக்குப் பழைய செயினைப் போடுற மாதிரி நினைச்சிட்டா."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"முழுத்தளத்தையும் முதல் பிரதி எடுத்து வைச்சிட்டுத்தான் மாத்தினனான், அண்ணை. வேறை இடத்திலை ஒருக்காப் போட்டுப் பாத்துத்தான்..."

"பிரதியை விடும். ஏன் மாத்தினீர்? அதைச் சொல்லும்."

உதயகலா பக்கவாட்டில் பார்த்தாள். வரிசையின் கடைசியில் கமலாவதி இருந்தாள். அவளுடைய புருசன் மார்க்கண்டுவின் அறிவித்தல்தான் இப்போது தளத்தில் மேலே நிற்கிறது. அடுத்த வாரம் கீரிமலையில் அவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை.

சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"புதுசு சரிவரேல்லை, அண்ணை."

"என்ன சரிவரேல்லை?"

"எனக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்லை."

கமலாவதி எழும்பினாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது.

"உனக்கு நான் என்னடி செய்தனான்? கனடாவிலையிருந்து தங்கச்சி ஃபோன் எடுத்துச் சொன்னவள், அத்தான்ரை படம் திரை நிறைய வடிவாய் இருக்கெண்டு. நான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு ஃபோனைத் திறக்கிறதுக்கிடையிலை முத்திரை அளவாக்கிப்போட்டாய். என்ரை மனுசனை ஒருக்கா வடிவாய்ப் பாக்க விடேல்லை நீ."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா."

"புதுசைத் திரும்பப் போடு. மன்னிக்கிறன்."

"ஏலாது, அக்கா."

அதற்குப் பிறகு அவளுக்காகக் கதைக்க ஒருவரும் இல்லை. பரமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்ப சரி. நாளைக்கு விடியப் பாஸ்வேர்ட்டை என்ரை கையிலை தாரும். மகன் புதுசைப் போடுவான். இனி அறிவித்தலையும் அவனே பாக்கட்டும்."

சயிக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பாஸ்வேர்ட் போனால் போகட்டும். ஆனால் புதுசு திரும்ப வந்துவிடும்.

விளக்குப் போடுகிற நேரம் ஃபோன் அடித்தது. சிவகரன்.

"அன்ரி, அப்பா சொன்னவர். பழைய பிளகினிலை ஓட்டை இருக்கு, தெரியுமோ? கள்ளர் உள்ளுக்கு வந்து தளத்தையே நாசமாக்கலாம். ஏன் திருப்பினனீங்கள்?"

"சொன்னால் நீங்கள் வேறை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, தம்பி. அப்பாவுக்கும்தான். ஒரு வாய்க்குப் போனால் அவவின்ரை காதுக்குப் போயிடும்."

"ஆற்றை காதுக்கு?"

"அறிவித்தலிலை செத்தவரின்ரை பிள்ளையளின்ரை பெயருக்குப் பக்கத்திலை அவையள் இருக்கிற ஊரைப் போடுறனாங்கள் எல்லோ? ஊர் இல்லாமல் வெறும் பெயர் நிண்டால் உங்கடை புதுப் பிளகின் என்ன செய்யும்?"

"உயிரோடை இல்லை எண்டு எடுத்து, முன்னுக்குக் 'காலஞ்சென்ற' எண்டு தானாய்ப் போடும். உங்களுக்கு ரைப் பண்ணுற வேலை குறையட்டும் எண்டு நான்தான் அப்பிடிச் செய்தனான்."

"மார்க்கண்டண்ணையின்ரை மூத்த பெடியன் யதுசனுக்கு நான் எந்த ஊரைப் போட, தம்பி?"

யதுசன் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவன் செத்துவிட்டான் என்று இன்றுவரை ஒருவரையும் தன் முன்னால் சொல்லக் கமலாவதி விட்டதில்லை.

"அவ பாத்திட்டாவோ, அன்ரி?"

"இல்லை. அவ திறக்க முன்னம் பழசுக்குத் திருப்பிப்போட்டன். தீமும் பிளகினும் ஒண்டாய்த்தான் திரும்பினது, படமும் அதோடை சின்னனாய்ப் போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"அந்தச் சொல்லை எடுத்துப்போட்டுத்தான் இனிப் புதுசு தருவன். அதுவரைக்கும் பழசே இருக்கட்டும். பாஸ்வேர்ட் உங்களிட்டையே இருக்கட்டும். ஆனால் அப்பா காரணம் கேப்பார். என்ன சொல்ல?"

"உதயகலாவுக்குப் புதுசு விளங்கேல்லையாம் எண்டு சொல்லுங்கோ. ஆக்கள் நம்புவினம்."

ஃபோனை வைத்தாள். சிவகரனில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனாலும் தளத்தை இன்னொருக்கா முழுதாகப் பிரதி எடுத்தாள். பிறகு, தளம் தன்னைக் கேளாமல் தானாகப் புதுசுக்கு அப்டேட் ஆகிற வழியை நிறுத்தி வைத்தாள்.