நாற்பது நிமிடம்

காலை ஆறு இருபதுக்கு நான் ஆலைக்குள் நுழைந்தபோது, மச்சானைக் கிடங்குக்கு மாற்றி நான் எழுதிய கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். அதை வாரம் ஒருமுறையாவது அவருக்கு நினைவூட்டிவிடுவேன்.

அவருக்கு வேலை ஏழு மணிக்கு. ஆனால் தினமும் ஆறு மணிக்கே வந்துவிடுகிறார் என்று காவலாளி சொன்னான். எதற்கென்று எனக்குத் தெரியும். கேன்டீனில் ஏழு மணிவரை டீ இலவசம்.

"ஓசி டீக்காக உங்கண்ணன் ஒரு மணி நேரத் தூக்கத்தையே வித்துட்டாரு" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். மனைவி சிரிக்கமாட்டாள். அந்தக் குடும்பத்துக்கே சிரிக்கத் தெரியாது.

கேன்டீனில் அவர் இல்லை.

கலன் கூடத்தில் இருந்தார். பெரிய இரும்புக் கலனுக்கு முன்னால், ஸ்டூலில் குந்தியபடி, ஒரு கை அமில வால்வின் மேல். வேலை நேரத்துக்கு முன்பே, யாரையும் கேட்காமல், கலவையைத் தொடங்கியிருந்தார்.

வால்வு சரியாகத் திறக்கப்படக்கூட இல்லை. வால்வுக்குக் கீழிருந்த கண்ணாடிக் குழாயில் அமிலம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

வால்வில் சிவப்புக் கோடு போட்டவன் நான். அந்தக் கோடுவரை திறந்தால் நாற்பதே நிமிடத்தில் அமிலம் முழுவதும் இறங்கிவிடும். அந்த முறைக்காகத்தான் போன வருடம் எனக்கு விருது. ஒன்பது மாதங்களாகக் குறிப்பேட்டிலும் அதுதான் இருக்கிறது: தொடக்கம் ஏழு, முடிவு ஏழு நாற்பது. எல்லாம் மச்சானின் கோழிக்கிறுக்கல்.

ஆய்வகத்தில் ஐந்து தசம இடம்வரை கணக்கிட்டவன் நான். திறந்த குடுவையில் அழுத்தம் மாறாது; அப்போது வெளியேறும் வெப்பம்தான் என்தால்பி மாற்றம். அந்தச் சொல்லை உச்சரிக்கவே மச்சானுக்கு நாக்கு மூன்று முறை சுளுக்கிக்கொள்ளும்.

"தள்ளுங்க. கோடு எதுக்குப் போட்டிருக்கு? அழகுக்கா?"

அவர் எழுவதற்குள் வால்வைக் கோடுவரை திருப்பினேன்.

"சார், வேணாம் சார்..."

ஆலைக்குள் என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவும் என் உத்தரவு.

அழுத்தமானியின் முள் அசைந்தது. பிறகு ஏறியது. கலனுக்குள் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல ஓர் ஓசை. வெப்பமானியும் கூடவே ஓடியது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து தசம இடத்தில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

மச்சான் என் தோளைப் பிடித்து, குழந்தையை ஒதுக்குவதுபோல ஒதுக்கினார். வால்வை மூடினார். குளிர்நீரை முழுதாகத் திறந்தார். அழுத்தமானியின் அபாயச் சிவப்பைத் தொடப்போன முள் தயங்கி நின்று, மெல்லத் திரும்பியது.

அப்போதுதான் கலனின் தலையைப் பார்த்தேன். அமிலம் கலக்கும்போது கிளம்பும் வாயு வெளியேற ஒரே ஒரு குழாய். கட்டைவிரல் பருமன்.

என் குடுவைக்கு வாய் திறந்திருந்தது. வாயு காற்றைத் தள்ளிக்கொண்டு போனது, சூட்டில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டு. இங்கே அதற்கு வழியில்லை. வேகமாக ஊற்றினால் சூடும் உள்ளே, அழுத்தமும் உள்ளே. முதலாமாண்டு மாணவன் செய்யும் தவறு.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"மொத நாளே முள்ளு ஏறிச்சு. அதான் கொஞ்சங்கொஞ்சமா விட்டேன். நூறு நிமிஷம் ஆவுது. ஆறுக்கு ஆரம்பிச்சா ஏழு நாப்பதுக்கு முடிஞ்சிரும்."

"ஏன் சொல்லல?"

அவர் கைக்குட்டையால் வால்வைத் துடைத்தார்.

"அன்னைக்குத்தான் நீங்க அவார்டு வாங்கின போட்டோவ தங்கச்சி சுவத்துல மாட்டியிருந்துச்சு, மாப்பிள்ளை."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கடிதமும் கூடவே வந்தது. அதை நான்காக மடித்து உள்ளே திணித்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்தேன். தொடக்கம் ஆறு என்று எழுதினேன். நூறு நிமிடம் என்று எழுதினேன். 'முறையில் பிழை, பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மச்சான் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்து, வால்வை மயிரிழை திறந்தார். கண் முள்ளை விட்டு நகரவில்லை.

அழுத்தமானிக்குக் கீழே ஒரு டீ தம்ளர் இருந்தது.

விளிம்புவரை நிறைந்து, ஆறி, ஆடை படிந்திருந்தது.